வலிக்காமல் அரிக்கும் நோய்

பல் துலக்கும்போது வரும் இரத்தத்தைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. பற்களைச் சுற்றிப் படியும் மெல்லிய படலம் ஈறுகளைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கான முதல் எச்சரிக்கை அதுதான்.

காலையில் வாஷ்பேசினில் துப்பும் எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. "பிரஷ் குத்திவிட்டது போலிருக்கிறது" என்று குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். விரல் நுனியிலிருந்து தினமும் இரத்தம் கசிந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டோம். ஈறிலிருந்து கசிந்தால் மட்டும் அது சகஜம் என்றாகிவிட்டது.

சகஜம் என்பது ஒரு வகையில் உண்மையும்கூட. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03ல் நாடு முழுவதும் நடத்திய வாய் நலக் கணக்கெடுப்பில், 35 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு ஈறு நோய் ஏதோ ஓர் அளவில் இருந்தது. 12 வயதுச் சிறுவர் சிறுமியரிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு அதன் அடையாளம் தெரிந்தது. லேசான இரத்தக் கசிவும் பற்காரையும்கூட இதில் அடக்கம் என்பதால் எல்லோரும் பல்லை இழக்கப்போகிறவர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பல்லை இழப்பவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். உலக அளவில் 100 கோடிக்கும் அதிகமானோர், அதாவது வயது வந்தவர்களில் சுமார் 19 சதவீதத்தினர், முற்றிய ஈறு நோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

இந்த நோயின் தந்திரமே அது வலிக்காததுதான். சொத்தைப் பல் வந்தால் ராத்தூக்கம் போகும், கன்னம் வீங்கும், மறுநாளே டாக்டரிடம் ஓடுவோம். ஈறு நோய் அப்படியல்ல. பல்லைத் தாங்கும் எலும்பை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே இருக்கும். பல் ஆடத் தொடங்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. அதற்குள் பாதி அஸ்திவாரம் போயிருக்கும். ஓட்டை ஒடிசல் எதுவும் இல்லாத முழுப் பல் ஒருநாள் கையோடு வந்துவிடும். "வயசாயிடுச்சு, பல் போகாம என்ன செய்யும்?" என்று வீட்டில் சமாதானமும் கிடைத்துவிடும். உண்மையில் இதை வயதின் மேல் மட்டும் சுமத்த முடியாது. பெரும்பாலும் அது தடுத்திருக்கக்கூடிய இழப்பு.

படலம் படியும் விதம்

குற்றவாளியைக் கண்ணால் பார்ப்பது கடினம். நாக்கால் உணரலாம். தூங்கி எழுந்ததும் பல்லின் மேல் நாக்கை ஓட்டினால் வழவழவென்று ஏதோ ஒட்டியிருப்பது தெரிகிறதல்லவா? அதுதான் 'பிளேக்' எனப்படும் பற்படலம். சாப்பாட்டுத் துணுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது உயிருள்ளது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டிய குடியிருப்பு.

பல்லை எவ்வளவு சுத்தமாகத் துலக்கினாலும் சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுபவை ஓரளவு சாதுவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள். அவற்றை அப்படியே விட்டுவைத்தால் அவற்றின் மேல் மற்றவை குடியேறும். நாளாக ஆக, படலம் தடித்து ஈறு விளிம்புக்குக் கீழே இறங்கும். காற்று புகாத அந்த இடுக்கில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் முரட்டு இனங்கள் பெருகும். வாய் நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயுக்களை வெளியிடுபவை இவைதான்.

படலத்தை அகற்றாவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் காய்ந்து படிவது போல. இதுதான் பற்காரை. கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் இது அதிகம் சேரும். எச்சில் சுரப்பிகளின் வாய்கள் அங்கே திறப்பதே காரணம். காரையின் சொரசொரப்பான மேல்தளம் புதிய படலத்துக்கு நல்ல தங்குமிடம். படலத்தை பிரஷ்ஷால் அகற்றலாம். காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷாலும் எந்தப் பற்பசையாலும் அகற்ற முடியாது.

ஈறு விளிம்பில் கிருமிகள் சேர்ந்ததும் உடல் தன் படையை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஈறு சிவந்து, உப்பி, தொட்டால் இரத்தம் கசியும் நிலைக்கு வருகிறது. இது ஈறழற்சி, பல் மருத்துவர்கள் மொழியில் 'ஜிஞ்சிவைட்டிஸ்'. இந்தக் கட்டத்தில் எலும்புக்குச் சேதமில்லை. சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கவனிக்காவிட்டால் சிலருக்கு அடுத்த கட்டம் தொடங்குகிறது. ஈறு பல்லைவிட்டு விலகி இடையில் பை போன்ற பள்ளம் விழுகிறது. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள் அறுபட, எலும்பு கரைகிறது. இது 'பெரியோடான்டைட்டிஸ்'. முன்பு இதையே 'பயோரியா' என்று சொன்னார்கள். எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் கிருமிகள் நேரடியாக அல்ல. அவற்றோடு ஓயாமல் போரிடும் நம் உடலின் எதிர்ப்புச் சக்திதான். திருடனை விரட்டுகிறேன் என்று வீட்டுச் சுவரையே இடிக்கும் கதை.

12 பேர் பல் துலக்கவில்லை

பற்படலத்தில் உயிர்கள் இருப்பது தெரிந்து 300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி ஆன்டனி வான் லேவன்ஹுக், தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிறப் பொருளைத் தானே செய்த உருப்பெருக்கியில் பார்த்து, அதில் நுண்ணுயிர்கள் துள்ளி ஓடுவதை 1683ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இன்னொன்றும் கவனித்தார். சுரண்டியெடுத்த அழுக்கில் காடியைக் கலந்தால் அவை செத்தன. ஆனால் காடியால் வாய் கொப்பளித்த பிறகும் பல்லிடுக்கில் இருந்தவை உயிரோடுதான் இருந்தன. படலத்தின் உள்ளே திரவம் புகவில்லை என்று அவர் முடிவுகட்டினார். இன்று மருந்துக் கடையில் வாய் கொப்பளிக்கும் திரவத்தை வாங்கி, அது போதும் என்று நினைப்பவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

ஆனால் அந்தப் படலம்தான் ஈறு நோய்க்குக் காரணம் என்பது வெகுகாலம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. அதைச் செய்தது 1965ல் வெளியான ஓர் எளிய பரிசோதனை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளரும் அவரது சகாக்களும் ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் ஈறுகள் பழையபடி ஆரோக்கியமாகின. மருந்து இல்லை, ஊசி இல்லை. ஒருவர்கூட விதிவிலக்கல்ல.

மூன்று வாரத்தில் இது என்றால், வாழ்நாள் முழுக்கத் துலக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு விடை தந்தவர்கள் தமிழர்கள்.

தேயிலைத் தோட்டத்துச் சாட்சியம்

1970ல் லோவின் குழு இலங்கையின் மலையகத்துக்குச் சென்றது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துவந்த 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பிரிட்டிஷ் காலத்தில் தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள். பிரஷ் பழக்கமும் பல் மருத்துவ வசதியும் எட்டாத வாழ்க்கை. எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் கறையும் இருந்தன. சொத்தைப் பல் மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால் ஈறு நோய் தன் போக்கில் விடப்பட்டால் என்ன செய்யும் என்பதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. 1985 வரை அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து 1986ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

வாயெல்லாம் அழுக்கு ஒரே மாதிரி. ஆனால் விளைவு ஒரே மாதிரி இல்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் அதிவேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறழற்சிக்கு மேல் போகவே இல்லை. 45 வயதை எட்டியபோது முதல் பிரிவினரின் பல்லைச் சுற்றியிருந்த பிடிப்பு சராசரியாக 13 மி.மீ. அளவுக்குப் போயிருந்தது, இரண்டாம் பிரிவினருக்கு 7 மி.மீ. ஒரு பல்லின் வேர் பெரும்பாலும் 12 முதல் 16 மி.மீ. நீளம்தான் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

2010ல் அவர்களில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த 75 பேர் மறுபடி பரிசோதிக்கப்பட்டார்கள். 40 ஆண்டுகளில் ஒரு பல்லைக்கூட இழக்காதவர் உண்டு. 28 பற்களை இழந்தவரும் உண்டு. சராசரி 13. புகைபிடிப்பதும் பற்காரையும் நோய் தொடங்கக் காரணமாக இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓர் ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. கார்ல்ஸ்டாட் நகரில் 1972ல் தொடங்கி 30 ஆண்டுகள், சரியாகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, குறித்த இடைவெளியில் பற்களைச் சுத்தம் செய்து, ஒரு குழுவினரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். 30 ஆண்டுகளில் அவர்கள் இழந்தது வயதுப் பிரிவுக்கு ஏற்ப சராசரியாக 0.4 முதல் 1.8 பற்கள் மட்டுமே. மலையகத்தில் 13, கார்ல்ஸ்டாட்டில் 2க்கும் குறைவு. இரு நாட்டு வாழ்க்கையும் வேறு, ஆய்வு முறையும் வேறு என்பது உண்மையே. ஆனாலும் இடைவெளியின் பெரும்பகுதியை விளக்குவது ஒரு பிரஷ்ஷும் அதைப் பிடிக்கும் விதமும் எப்போதாவது ஒரு பல் மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பும்தான்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

அழுக்கு ஒன்றாக இருந்தும் நோய் ஏன் சிலரை மட்டும் பலமாகத் தாக்குகிறது? பரம்பரை ஒரு காரணம். பெற்றோருக்கு 40 வயதுக்குள் பற்கள் ஆடி விழுந்திருந்தால் பிள்ளைகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குப் பதின்பருவத்திலேயே முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் சுற்றி எலும்பு வேகமாகக் கரைவதுண்டு. பரம்பரையை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை இரண்டு: சர்க்கரையும் புகையிலையும். இரண்டிலுமே இந்தியா முன்னணியில் இருக்கிறது.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023ல் மதிப்பிட்டது. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பும் அதிகம், முற்றும் வேகமும் அதிகம். இது ஒருவழிப் பாதையல்ல. ஈறில் எந்நேரமும் அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவுக்காரர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாக 2022ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. மாத்திரை சாப்பிடுவதற்கு இது மாற்று அல்ல. ஆனால் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள், வாயையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள இது போதுமான காரணம்.

புகையிலையின் விஷயம் இன்னும் வில்லங்கமானது. 2016-17ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி வயது வந்த இந்தியர்களில் 28.6 சதவீதத்தினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். அதில் பெரும்பங்கு புகைப்பதல்ல, மெல்வதும் அடக்கிக்கொள்வதும்தான். பொட்டலம் வைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து வாய்ப் புற்றுநோய். பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கோ எலும்பு வேகமாகக் கரையும். ஆனால் இரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். புகையால் ஈறின் இரத்த ஓட்டம் அடங்கிவிடுவதே காரணம். எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிப்போட்டது மாதிரி. "எனக்கு ஈறில் இரத்தமே வருவதில்லை" என்று புகைபிடிப்பவர் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதில் விபரீதம், பல்லுக்கு நல்லது என்று நம்பியே புகையிலையை ஈறில் தேய்ப்பது. மகாராஷ்டிரத்தில் வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரி, பீகாரிலும் ஒடிசாவிலும் குடாக்கு, குல். பெண்களும் இதற்குப் பழகிப்போயிருக்கிறார்கள். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992லேயே தடை செய்துவிட்டது. பொடியின் காரம் மரத்துப்போகச் செய்வதை வலி குணமானதாக எடுத்துக்கொள்வதால் பழக்கம் எளிதில் விடுவதாயில்லை.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறுகள் எளிதில் வீங்கி இரத்தம் கசியும். "பிள்ளைத்தாய்ச்சி பல் டாக்டரிடம் போகக்கூடாது" என்பது தவறான நம்பிக்கை. பற்களைச் சுத்தம் செய்துகொள்வது பாதுகாப்பானதே. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கான சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகள் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அதற்காக மருந்தைத் தானாக நிறுத்தக்கூடாது. கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார்.

மாரடைப்புக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு உண்டா? இரண்டும் ஒன்றாகக் காணப்படுவது ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012ல் அறிவித்தது. 'பல்லைச் சுத்தம் செய்தால் ஹார்ட் அட்டாக் வராது' என்று யாராவது விளம்பரப்படுத்தினால் நம்ப வேண்டாம். பல்லைக் காப்பாற்றுவதே போதுமான லாபம்.

கண்ணாடி முன் 5 நிமிடம்

நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பாருங்கள். இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது:

● துலக்கும்போதோ, கொய்யா, ஆப்பிள் போன்றவற்றைக் கடிக்கும்போதோ, தானாகவோ இரத்தம் கசிவது.

● பல்லுக்கிடையே கூர்மையாக இருக்க வேண்டிய ஈறு மழுங்கி, உப்பி, பளபளப்பது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். நம்மில் பலருக்கு ஈறில் பழுப்பும் கறுப்பும் இயற்கை நிறமே, அது நோயல்ல.

● எவ்வளவு துலக்கினாலும் போகாத வாய் நாற்றம். ஈறை அழுத்தினால் சீழ்.

● பல் முன்பைவிட நீளமாகத் தெரிவது. வளர்வது பல் அல்ல, இறங்குவது ஈறு.

● முன்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுவது. பற்கள் முன்தள்ளிக்கொண்டு வருவது. இதுவரை சிக்காத இடத்தில் சாப்பாடு சிக்குவது.

● பல் ஆடுவது. கடித்தால் பொருந்தாதது போலத் தோன்றுவது.

ஈறில் மட்டுமின்றி உடலில் வேறிடத்திலும் காரணமின்றி இரத்தக் கசிவோ, நீலத் திட்டுகளோ, காய்ச்சலோ இருந்தால் இது வெறும் பல் விவகாரமாக இருக்காது. டெங்கு, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றிலும் ஈறில் இரத்தம் வரும். தாமதிக்காமல் பொது மருத்துவரிடம் போக வேண்டும்.

'கிளீன்' செய்தால் பல் ஆடுமா?

பல் மருத்துவர் முதலில் செய்வது அளப்பது. மி.மீ. குறியிட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாக இறக்கிப் பார்ப்பார். 3 மி.மீ. வரை பள்ளம் இருப்பது இயல்பு. 4, 5 என்றால் கவனிக்க வேண்டும். 6ம் அதற்கு மேலும் என்றால் நோய் ஆழமானது. எலும்பு எவ்வளவு மிச்சம் என்பதை எக்ஸ்ரே காட்டும். இந்த அளவை எடுக்காமல் வெறுமனே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து அனுப்பினால், "ஈறை அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை.

சிகிச்சையின் அடிப்படை ஸ்கேலிங். அதிர்வுக் கருவியாலும் கைக்கருவிகளாலும் காரையை உடைத்து அகற்றுவது. நோய் ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு வேரின் மேல் படிந்திருப்பதையும் சுரண்டுவார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி அளப்பார்கள். பெரும்பாலோருக்கு இதோடு பள்ளங்கள் சுருங்கிவிடும். ஆழமான பள்ளங்கள் மிஞ்சினால் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை. கரைந்த எலும்பு தானாக முழுதும் திரும்பி வராது. சில வகைப் பள்ளங்களில் மட்டும் எலும்புத் துகள் வைத்து ஓரளவு நிரப்பலாம். எனவே சிகிச்சையின் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது.

"கிளீன் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும்" என்பது நாடெங்கும் நிலவும் பயம். இது நடப்பதுபோலத் தோன்றுவதும் உண்மை. காரணம் வேறு. இடைவெளியை அடைத்து, ஆடும் பற்களைச் சிமெண்ட் போலப் பிடித்துக்கொண்டிருந்தது காரை. அது போனதும், அது மறைத்திருந்த சேதம் தெரிகிறது. வீங்கிய ஈறு சுருங்குவதாலும் இடைவெளி தெரியும். சில நாட்கள் பல் கூசவும் செய்யும்; பிறகு குறைந்துவிடும். அழற்சி அடங்கியதும் ஆடும் பற்களில் சில முன்பைவிட உறுதியாவதும் உண்டு.

மருந்துக் கடையில் தானே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவது வீண். காரையும் படலமும் இருக்கும்வரை அதன் உள்ளே மருந்து சரியாகப் போய்ச் சேராது. இரண்டு நாள் அடங்கினாற்போல் இருந்துவிட்டு மறுபடி தலைதூக்கும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் சிகிச்சைக்கு முன்பே அதை பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

ஒருமுறை நோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை ஒருநாளோடு முடிவதல்ல. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனையும் சுத்தமும் தேவைப்படும். இதை விட்டவர்களுக்கு நோய் திரும்பி வருகிறது.

அரை நிமிடம் போதாது

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஆனால் பெரும்பாலோர் தவறாகவே செய்கிறார்கள். இரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது முதல் தவறு. அங்கேதான் மெதுவாக, கூடுதல் கவனத்தோடு துலக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் கசிவு குறையும். குறையாவிட்டால் காரை இருக்கிறது என்று அர்த்தம்.

பிரஷ் மென்மையான தூரிகை கொண்டதாக இருக்கட்டும். தூரிகை பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படுமாறு 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, சிறு அசைவுகளாக அதிரச் செய்ய வேண்டும். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் பிரபலப்படுத்திய முறை இது. துணி துவைப்பதுபோலக் குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல் தேயும். உட்புறத்தையும் சேர்த்து இரண்டு நிமிடம், நாளுக்கு இருமுறை. இரவில் துலக்குவதைத் தவிர்க்கவே கூடாது. தூரிகை விரிந்துவிட்டால் பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் எதுவும் தாங்காது.

பிரஷ் பல்லிடுக்குக்குள் போகாது. ஈறு நோய் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். நெருக்கமான பற்களுக்கு ஃப்ளாஸ் நூலும், இடைவெளி உள்ளவர்களுக்கு இடுக்கில் விட்டு எடுக்கும் குட்டி பிரஷ்ஷும் உதவும். குண்டூசி, தீக்குச்சி, துடைப்பக் குச்சி ஆகியவை ஈறைக் கிழிக்கும்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியில் பொருளில்லாமல் இல்லை. குச்சியின் நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்புறம் சுத்தமாகும். உட்புறமும் இடுக்கும் கடைவாயும்தான் சிக்கல். செங்கல் பொடி, கரி, சாம்பல், சொரசொரப்பான சிவப்புப் பற்பொடி இவை பல்லைத் தேய்த்துவிடும். எண்ணெய் கொப்பளிப்பது கெடுதல் செய்யாது. ஆனால் ஈறுக்கடியில் உள்ள படலத்தை அது எட்டாது. குளோர்ஹெக்சிடின் திரவம் நல்ல கிருமிநாசினி. அதையே மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் ருசி கெடும். டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். எந்த பேஸ்ட் என்பதைவிட எப்படித் துலக்குகிறோம் என்பதே ஈறுக்கு முக்கியம். பல் சொத்தையைத் தடுக்க ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் நல்லது.

பிடுங்குவது மட்டும் சிகிச்சையல்ல

1920ல் டாக்டர் ஆர். அகமது கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவருபவர்களில் பெரும்பாலோர் நகரங்களில்தான் கிளினிக் வைக்கிறார்கள். கிராமத்துக்காரருக்குப் பல் ஆடினால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சிகிச்சை: பிடுங்குவது. வட இந்திய நகரங்களின் நடைபாதைகளில் குடைக்குக் கீழே செயற்கைப் பல் கட்டுபவர்கள் இன்னும் பிழைக்க முடிகிறதென்றால், முறையான வைத்தியம் எட்டாத கூட்டம் அவ்வளவு இருக்கிறது என்று பொருள். பக்கத்துப் பல்லோடு ஒட்டிவைத்துக் கட்டும் அந்தப் பல்லைச் சுற்றி மறுபடி அழுக்கு சேர்ந்து, நல்ல பல்லும் போகிறது.

மத்திய அரசு 2014-15ல் தேசிய வாய் நலத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் பல் சிகிச்சைப் பிரிவுகளை வலுப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் வழக்கமான பல் சிகிச்சைக்கு, விபத்தால் நேர்ந்ததைத் தவிர, பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் பணம் தருவதில்லை. செலவைக் கண்டு ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடுபவர்கள், பிறகு செயற்கைப் பல் பொருத்தப் பல மடங்கு கொடுக்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளில், பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் ஸ்கேலிங் செய்கிறார்கள். கூடுதல் நேரம் பிடிக்கும். கட்டணமோ தனியார் கிளினிக்கைவிடப் பொதுவாகக் குறைவு.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமல்ல. முறுக்கைக் கடிக்க முடியாதவர் பிறகு கடலையையும் காய்கறியையும் கறியையும் ஒதுக்குவார். குழைந்த சோற்றுக்கும் ரொட்டியை ஊறவைத்த பாலுக்கும் இறங்குவார். உழைத்துச் சாப்பிட வேண்டிய 45 வயதில் இந்த நிலை வருவது விதியல்ல. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பற்களைக் கொடுத்து உலகத்துக்குச் சொன்ன பாடம் அது. அந்தப் பாடத்தைப் படிக்க மற்றவர்களுக்குத் தேவைப்படுவது இரவில் இரண்டு நிமிடமும், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பல் டாக்டரின் நாற்காலியில் கழிக்கும் அரை மணி நேரமும்தான்.